எல்லை தாண்டி எடுத்த ஒப்பந்தம்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கேரளத்துக்குள் வேலை எடுக்க வரும் ஒப்பந்தக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "காண்ட்ராக்டரா இங்க எங்கீங்க பதியணும்?" இதற்குக் கிடைக்கிற சரியான பதிலே பலரைச் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. தனியார் கட்டடம் கட்ட, ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் வாங்க வேண்டிய ஒற்றைப் பதிவு கேரளத்தில் கிடையாது. பொதுப்பணித் துறையில் ஏ, பி, சி, டி என்று வகுப்பு பிரித்துப் பதிகிறார்கள். அது அரசு வேலைக்கு. "உங்க வேலைக்கு அது வேண்டாம்" என்று அலுவலகத்தில் சொன்னதும், வேறெதுவும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு சாரம் கட்டக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆனால் பதிவு வேண்டும். ஓரிடத்தில் அல்ல, நாலு இடத்தில், நாலு வேறு ஆட்கள் பெயரில் வேண்டும். வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், ஆளை வேலைக்கு வைக்கிறவர் ஒருவர், கரண்ட் வேலை செய்கிறவர் ஒருவர், பில் போடுகிறவர் ஒருவர். இந்த நாலில் ஒன்றுகூட முறையாக இல்லாமல் எழும்பிய ஒரு கட்டடத்தின் கதை இது. பெயர்களையும் பஞ்சாயத்தையும் விட்டுவிட்டேன். அளவுகள், தொகைகள், நடந்த வரிசை எல்லாம் அப்படியே.

கட்டடமும் ஒப்பந்தமும்

இடம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு கிராமப் பஞ்சாயத்து. கீழே மூன்று கடை, மேலே உரிமையாளர் குடியிருக்க வீடு. உரிமையாளர் தென்னந்தோப்புக்காரர், வீட்டில் பேச்சு தமிழ், பிள்ளைகள் படித்தது மலையாளத்தில். ஒப்பந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கத்தவர், தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் பதிந்தவர், தொழிலில் நல்ல பெயர். இரண்டு குடும்பத்துக்கும் தூரத்து உறவு உண்டு. பொருளும் கூலியும் வரியும் சேர்த்து 62 லட்ச ரூபாய்க்குப் பேசி, 2022 கடைசியில் ஒப்பந்தம் எழுதினார்கள். ஒன்றரைப் பக்கம். கம்பி எந்தக் கம்பெனி, டைல்ஸ் சதுர அடி என்ன விலை என்பதெல்லாம் அதில் இருந்தது. பெர்மிட், தொழிலாளர் பதிவு, தொழிலாளர் நலனுக்கான செஸ் வரி, மின் இணைப்பு இவை யார் பொறுப்பு என்று ஒரு வரி இல்லை.

வேலையின் தரத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் மண் அதிகம். மழைக்குப் பொங்கும், வெயிலுக்கு வெடிக்கும். உள்ளூரில் பலரும் நாலடி தோண்டிக் கருங்கல் கட்டி, மறு வருடமே சுவரில் விரிசல் பார்க்கிறார்கள். இவர் கெட்டி மண் தட்டும் வரை குழி இறக்கி, பில்லர் புட்டிங் போட்டு, அடியிலும் சுற்றிலும் கரிசலை அள்ளிவிட்டு மணல் நிரப்பி, மேலே பில்லர்களை இணைக்கும் கான்கிரீட் பெல்ட் ஓட்டியிருந்தார். பில்லர்களில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. இவ்வளவு கவனமான மனிதர் காகிதத்தில் தோற்றார் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கையெழுத்து மட்டும் போட்டவர்

வரைபடத்தை ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர் பொள்ளாச்சியில் வரைந்தார். அவர் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அங்கே பதிந்தவர். அந்தப் பதிவு கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டாது. கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள், 2019-இன்படி பெர்மிட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட, கேரளத்தில் பதிந்த இன்ஜினியரோ சூப்பர்வைசரோ வேண்டும். அவரவர் தரத்துக்குத் தக்கபடி எவ்வளவு பெரிய கட்டடம் வரை போடலாம் என்ற வரம்பும் உண்டு. ஊரில் இவர்களை லைசன்ஸி என்பார்கள். ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிந்தவர் மட்டும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுவதும் ஆர்க்கிடெக்ட்தான்.

உரிமையாளர் பாலக்காட்டில் ஒரு லைசன்ஸியைப் பிடித்தார். அவர் பொள்ளாச்சி வரைபடத்தைத் தம் தாளில் திரும்ப வரைந்து கையெழுத்திட்டார், பணம் வாங்கிக்கொண்டார், பெர்மிட் வந்தது. அதன் பிறகு அவர் சைட் பக்கம் வரவில்லை. வரச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. எல்லையோரத்தில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. கையெழுத்துக்கு ஒருவர், கட்டுவதற்கு ஒருவர், இருவருக்கும் நடுவில் ஒரு போன் நம்பர்கூட இருக்காது.

கடைகளின் ஆழம் போதவில்லை என்று உரிமையாளருக்குப் பட்டது. "ஏனுங்க, அந்த சன்ஷேடுக்கு அடியில சும்மாதான கெடக்குது, சொவத்த முன்னால தள்ளிக்கலாமுங்களா?" என்று கேட்டார். ஒப்பந்தக்காரரும் மாமன் மச்சான் பேச்சுக்கு மறுப்புச் சொல்லாமல் கடைமுகப்புச் சுவரையும் ஷட்டரையும் முன்னால் தள்ளிவிட்டார். பெர்மிட் வரைபடத்தில் சாலை ஓரத்திலிருந்து 3.1 மீட்டர், கட்டி முடித்தபோது 2.45 மீட்டர்.

3 மீட்டருக்குக் குறைந்த அந்த 55 சென்டிமீட்டர் சாதாரண மீறல் இல்லை. 1994-ஆம் ஆண்டுக் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 220(பி) பிரிவு, தேசிய, மாநில, மாவட்டச் சாலைகளும் அறிவிக்கை செய்யப்பட்ட பிற சாலைகளும் இருக்கும் இடத்தில் 3 மீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கிறது. விதியில் உள்ள அளவு பிசகினால் அபராதம் கட்டி முறைப்படுத்த வழி தேடலாம். சட்டத்தின் பிரிவே தடுக்கும்போது பஞ்சாயத்துச் செயலாளர் கையில் எதுவும் இல்லை. சைட்டுக்கு ஒரு தடவை வந்திருந்தால் அந்த லைசன்ஸி ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்.

2024 தொடக்கத்தில், கட்டடம் முடிந்ததைச் சொல்லும் கம்ப்ளீஷன் சான்றுக்குக் கையெழுத்துக் கேட்டபோதுதான் அவர் வந்தார், டேப் பிடித்தார், போட மாட்டேன் என்றார். அவர் மறுத்தது சரி. போட்டிருந்தால் பொய்ச் சான்று. அப்போதுதான் உரிமையாளர் இன்னொரு லைசன்ஸியான என்னிடம் வந்தார்.

விழுந்தவர் யார் ஆள்

இனி சொல்லப் போவது இதற்கு முந்திய வருடம் நடந்தது. இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்ததும் இதுதான்.

2023 கோடையில், மேல்தளத்து கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும்போது ஒரு தொழிலாளி சாரத்திலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தார். குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. கம்பு சாரம், குறுக்கே இரண்டு பலகை, பிடிமானம் எதுவும் இல்லை. ஆனைமலைப் பக்கத்து மனிதர். நாற்பது வயதுக்கு மேல், மூன்று பிள்ளைகள். நாலு மாதம் கால் ஊன்றவில்லை. தமிழ்நாட்டு நல வாரிய அட்டை இருந்தது, புதுப்பிக்காமல் விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரிச் செலவில் முதல் தவணையை ஒப்பந்தக்காரர் கொடுத்தார். பிறகு, "அவன் என் ஆள் இல்லீங்க, சென்ட்ரிங் மேஸ்திரியோட ஆள்" என்றார். மேஸ்திரியிடம் கேட்டால், "நானே அவர்கிட்ட கூலிக்குச் செய்யறவன் சாமி" என்றார். வருகை எழுதும் மஸ்டர் ரோல் கிடையாது. கூலிச் சீட்டு கிடையாது. வாரக் கூலி மேஸ்திரியின் போனுக்கு கூகுள் பேயில் போகும், அவர் சனிக்கிழமை ரொக்கமாகப் பிரித்துக் கொடுப்பார். விழுந்தவர் அன்று அந்த சைட்டில் வேலை செய்தார் என்பதற்கே காகிதம் இல்லை.

அப்போது நடப்பில் இருந்த சட்டம் இதில் தெளிவாக இருந்தது. 1923-ஆம் ஆண்டு ஈட்டுத்தொகைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, தன் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் உள்குத்தகைக்கு விட்டவர், அந்த ஆளைத் தாமே வேலைக்கு வைத்தது போலப் பொறுப்பாக வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு, வேண்டுமானால் மேஸ்திரியிடம் திரும்பக் கேட்டுக்கொள்ள முடிந்தது. தற்காலிக முடக்கத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாதக் கூலியில் 25 விழுக்காடு தர வேண்டியிருந்தது. கணக்குக்கு எடுத்த கூலி உச்சவரம்பு 2020 முதல் 15,000 ரூபாயாக இருந்தது. தினக்கூலி ஆயிரத்துக்கு மேல் வாங்கினவருக்கும் அரை மாதத்துக்கு 3,750 ரூபாய்தான் வந்தது. நாலு மாதத்துக்கு 30,000. சிகிச்சைச் செலவை அது போக உள்ளபடி கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மாதம் 7,500 என்பது எந்த மூலைக்கு? அந்தக் குறைந்த தொகைக்கும் வழக்கு நடக்க வேண்டியிருந்தது.

மேஸ்திரியின் போனில் கிடந்த வாராந்திரப் பணப் பரிமாற்றமும், விபத்துக்கு முன்பு கான்கிரீட் போடும்போது ஒருவர் எடுத்த படமும்தான் கடைசியில் சாட்சியாயின. படத்தில் அந்த மனிதர் தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது.

இன்ஸ்பெக்ஷன்

விபத்துச் செய்தி பரவி தொழிலாளர் அலுவலர் சைட்டுக்கு வந்தார். அன்று மொத்தம் 14 பேர், எல்லாரும் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்தவர்கள். அவர் கேட்டது இரண்டு.

ஒன்று, 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டப் பதிவு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் சைட்டை, வேலை தொடங்கிய 60 நாளுக்குள் பதிய வேண்டியிருந்தது. சொந்தக் குடியிருப்பு, மதிப்பு 10 லட்சத்துக்குள் என்றால் விலக்கு இருந்தது. இது கடையும் சேர்ந்த 62 லட்சக் கட்டடம். கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு செஸ் வேறு. அதாவது 62,000 ரூபாய். உரிமையாளர் அதை ஒப்பந்தக்காரர் கட்டுவார் என்று நினைத்திருந்தார். ஒப்பந்தக்காரருக்கு உரிமையாளர் கட்டுவார் என்று நினைப்பு.

இரண்டாவது, 1979-ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தக்காரர் உரிமம். ஒப்பந்தக்காரருக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. "இவங்க என்ன ஒடிசாவிலிருந்தா வந்தாங்க? காலைல பஸ் ஏறி சாயங்காலம் வீட்டுக்குப் போறவங்க" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. எல்லையோரத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரும் சனங்கள் தங்களை அயலார் என்று நினைத்ததே இல்லை. ஆனால் சட்டம் தூரத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாநிலத்தில் ஆள் சேர்த்து இன்னொரு மாநிலத்துச் சைட்டில் வேலைக்கு வைத்தால், ஐந்து பேர் தொட்டதும் அது பொருந்தியது. ஆளை எடுக்கும் மாநிலத்தில் ஓர் உரிமம், வேலை நடக்கும் மாநிலத்தில் ஓர் உரிமம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் படம் ஒட்டிய பாஸ்புக். அந்தப் பாஸ்புக் மட்டும் இருந்திருந்தால், விழுந்தவர் யார் ஆள் என்ற கேள்வியே எழுந்திருக்காது. ஆபீஸ் தொல்லை என்று நாம் தள்ளிவைக்கும் காகிதம் அந்த மனிதருக்கு நாலு மாதச் சோறு.

20 பேரோ அதற்கு மேலோ என்றால் ஒப்பந்தத் தொழிலாளர் சட்ட உரிமமும் வேண்டியிருந்திருக்கும்; இங்கே ஆள் எண்ணிக்கை அதைத் தொடவில்லை.

ஈட்டுத்தொகைச் சட்டம் உட்பட இந்தச் சட்டங்கள் இப்போது மாறிவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்துள்ளன. வெளிமாநிலத் தொழிலாளர் விதிகள் ஐந்து பேருக்குப் பதில் பத்துப் பேரிலிருந்து. ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் 20-க்குப் பதில் 50 பேரிலிருந்து. சொந்தக் குடியிருப்பு விலக்கு 50 லட்சம் வரை. தானாக வந்து வேலைக்குச் சேர்ந்தவரும், கூலி வரம்புக்குள் இருந்தால், இனி வெளிமாநிலத் தொழிலாளிதான். 14 பேரும் கடையும் சேர்ந்த இந்தக் கட்டடம் புதிய கணக்கிலும் கட்டடத் தொழிலாளர் பதிவிலிருந்து தப்பாது.

சுவருக்குள் இருந்தது

வயரிங் செய்தவர் பொள்ளாச்சி வயர்மேன். தமிழ்நாட்டு மின் உரிம வாரியத்தின் பெர்மிட் வைத்திருந்தார். மின் பாதுகாப்பு விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றானாலும், வேலை செய்யும் ஒப்பந்தக்காரருக்கு உரிமம் தருவது அந்தந்த மாநிலம். மின் வாரியத்தில் இணைப்புக் கேட்டால், கேரள உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரரின் கம்ப்ளீஷன் ரிப்போர்ட் வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் ஒருவரை அழைத்துவந்தோம். வரைபடக் கையெழுத்துப் போல இதையும் வாங்கிவிடலாம் என்று உரிமையாளர் எதிர்பார்த்தார். அவர் டார்ச்சும் டெஸ்டரும் வயரின் காப்பைச் சோதிக்கும் மெகரும் எடுத்து வைத்து, ஸ்விட்ச் பாக்ஸ்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். நானும் கூட நின்றேன். மாடிக் குளியலறை கீசர் பாயின்ட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் போயிருந்தது. கீசருக்கு அதைவிடத் தடித்த வயர் போட்டிருக்க வேண்டும். கடைப் பக்கத்து லைட் பாயின்ட்களில் எர்த் வயரே இல்லை. சமையலறையில் எர்த் பின்னில் வயர் மாட்டியிருந்தது, ஆனால் அதன் மறுமுனை கரண்ட்டைப் பிரித்துவிடும் டி.பி. பெட்டிக்குள் எதிலும் சேராமல் சுருட்டிக் கிடந்தது. மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லை. எர்த் குழி ஒன்றே ஒன்று, அதுவும் கரிசல் மண்ணில் வெடிப்பு விடும் இடத்தில்.

"அண்ணா, பைசா பிரச்சினை இல்லை, இதுக்கு நான் ஒப்புப் போட மாட்டேன்" என்று உரிமையாளரிடம் சொன்னார். மாடியில் மூன்று பாயின்ட்டுக்குப் பூச்சைக் கொத்தி வயர் மாற்றினார்கள். பைப் பெரிதாக இருந்த இடங்களில் கொத்தாமலே இழுக்க முடிந்தது. புது எர்த் குழி இரண்டு. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஏறியது. டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் செய்ததில் செலவு இரட்டித்தது. தொடக்கத்திலேயே அவரை வைத்திருந்தால் வயர் செலவோடு போயிருக்கும்.

பில்

ஒப்பந்தக்காரருக்குத் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தது. பில்களில் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று தமிழ்நாட்டுக் கணக்கில் போட்டுக் கட்டிவந்தார். அசையாச் சொத்தில் செய்யும் வேலைக்கு, சொத்து இருக்கும் இடமே சேவை நடந்த இடம். கட்டடம் கேரளத்தில், அவர் பதிவு தமிழ்நாட்டில், ஆக மாநிலங்களுக்கு இடையேயான வரியான ஐ.ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு போட வேண்டும். சைட்டில் நிரந்தரமாக ஓர் அலுவலகம் திறந்து அங்கிருந்தே தொழில் நடத்தினால் கேரளத்திலேயே பதிய வேண்டி வரும். இவர் அப்படிச் செய்யவில்லை.

இந்தப் பிழைக்கு வழி இருக்கிறது. சரியான வரியைக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம், வட்டி கிடையாது. ஆனால் திரும்ப வரும் வரை கைப்பணம் முடங்கும். சின்ன ஒப்பந்தக்காரருக்கு அது அடுத்த சைட்டின் முன்பணம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர், எல்லை தாண்டிச் சேவை செய்தாலும் பதிய வேண்டியதில்லை. பொருள் இல்லாமல் கூலிக்கு மட்டும் ஒரு தனி வீடு கட்டினால் அந்தக் கூலிக்கு வரியே இல்லை. எல்லையோரத்து மேஸ்திரிகள் பலருக்கும் இவை இரண்டும் தெரிவதில்லை. தெரியாமலே பயப்படுகிறார்கள், இல்லையென்றால் தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள்.

முடிந்த விதம்

முன்னால் தள்ளிய கடைச் சுவரை இடித்தோம். பில்லர்கள் வரைபடப்படியே நின்றதால் கட்டடத்துக்குச் சேதம் இல்லை. சுவர், ஷட்டர், தரை டைல்ஸ் மட்டும் போயிற்று. பக்கவாட்டில் இருந்த சிறு மாற்றங்களைத் திருத்திய வரைபடத்தோடு முறைப்படுத்த விண்ணப்பித்தோம். உரிமையாளர் தம் விளக்கக் கடிதத்தைத் தமிழில் எழுதினார். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் பகுதிகளில் அரசின் உள்ளூர் அலுவலகங்களோடு தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையைத் தருகிறது. தெரிந்த மொழியில் எழுதியதால், எந்தச் சுவரை யார் சொல்லி எப்போது தள்ளினார்கள் என்பதை அவர் குழப்பமில்லாமல் சொல்ல முடிந்தது. கோப்பு நகர அது உதவியது.

முதல் லைசன்ஸி எழுதிக் கொடுத்து விலகினார், நான் பொறுப்பேற்றுக் கம்ப்ளீஷனில் கையெழுத்திட்டேன். வீட்டு நம்பர் 2024 நடுவில் கிடைத்தது.

தொழிலாளியின் ஈட்டுத்தொகையை ஒப்பந்தக்காரர் கடைசியில் முழுதாக ஏற்றார். வெறும் வாய்ப்பேச்சாக விடாமல், உடன்படிக்கையை ஈட்டுத்தொகை ஆணையரிடம் பதிவு செய்யச் சொன்னோம். ஈட்டுத்தொகைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அதைக் கேட்டது, பதியாத உடன்படிக்கை பின்னால் தொழிலாளிக்குக் கை கொடுத்திருக்காது. செஸ் தொகையை இருவரும் பாதிப் பாதி கட்டினார்கள். சுவர் இடித்த செலவு உரிமையாளர் தலையில், வயரிங் செலவு ஒப்பந்தக்காரர் தலையில். ஜி.எஸ்.டி. பணம் திரும்பி வர அதற்குப் பிறகும் மாதங்கள் ஆயின.

அதே ஒப்பந்தக்காரர் இப்போது மீனாட்சிபுரத்துக்கு உள்ளே இன்னொரு வேலை எடுத்திருக்கிறார். பஞ்சாயத்துகளில் கேரள உள்ளாட்சிகளின் ஆன்லைன் தளமான கே-ஸ்மார்ட் வந்துவிட்டதால் விண்ணப்பம், வரைபடம் எல்லாம் ஆன்லைனில் போகிறது. இந்தத் தடவை ஒப்பந்தம் ஆறு பக்கம். லைசன்ஸி அஸ்திவாரம், பெல்ட், ஒவ்வொரு தளக் கான்கிரீட் இவற்றுக்கு முன் சைட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், அதற்கு வருகைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். மின் ஒப்பந்தக்காரரின் கேரள உரிம எண். செஸ் யார் கட்டுவது. தொழிலாளர் பதிவு யார் செய்வது. உள்குத்தகை மேஸ்திரிகள் தினமும் ஆள் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கும் நோட்டு. அந்த நோட்டைப் பார்க்கக் கேட்டேன், கொடுத்தார். முதல் வாரத்திலேயே இரண்டு நாள் எழுதாமல் விட்டிருந்தது. சென்ட்ரிங் மேஸ்திரியை அங்கேயே கூப்பிட்டு, என் முன்னால் எழுத வைத்தார்.